அம்பை வண்டியில் தைத்த 82 ஜன்னல்கள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கோட்டை வண்டி சேரன்மகாதேவியில் எதிர் வண்டிக்காக நின்றபோது 82-ஆவது ஜன்னலின் கடைசி முனையை இழுத்து முடிச்சுப் போட்டேன். நகவெட்டியால் நூலை நறுக்கிவிட்டு நிமிர்ந்தால் எதிர் சீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சரி, யாரும் பார்க்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

32 அங்குல நீளம், 24 அங்குல அகலம். பேத்திக்கு ஒரு விரிப்பு, அவ்வளவுதான். ஜன்னல் என்றது அதில் பதித்த கலர்த் துணித் துண்டுகளை. மிஷினில் ஒரு தையல்கூட இல்லை. ஆறு மாதம் ஆனது. முக்கால்வாசி வேலை அம்பாசமுத்திரத்துக்கும் (எங்களுக்கு அம்பை) திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் நடுவில் ரயில் பெட்டியில் நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் தைத்த ஒரு திண்டு உறை நாசமாய்ப் போன கதையும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விரிப்பு ஒழுங்காக வந்ததற்கு அந்தத் திண்டுதான் காரணம்.

அப்பா அம்பையில் தையல்கடை வைத்திருந்தவர். நான் மிஷினில் உட்கார்ந்ததே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, எம்மிங் போடுவது, அதாவது மடித்த ஓரத்தைக் கையால் தைப்பது என் வேலை. முப்பது வருஷம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த பிறகும் எம்மிங் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. இந்த வேலைக்கு அது ஒன்று போதும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் ஆபீஸுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வரும் அக்கா ஒருவர். அவர் நாற்காலியில் ஒரு திண்டு கிடக்கும். வெள்ளைத் துணியில் இதழ் இதழாக வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் சின்னச் சதுரமாகக் கலர்த் துணி. இங்கிலீஷில் கதீட்ரல் விண்டோ என்று பேராம், பேராலய ஜன்னல். "ஊசிக்கோபுரத்துக்குப் பக்கத்து வீட்ல இருந்துக்கிட்டு இதத் தைக்கலன்னா எப்படி?" என்று சிரித்தார். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் வந்த கிறிஸ்தவக் கோயில். தையலுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் உள்ள கோயில் கிடைக்காது. அக்காவின் ஆச்சி இடையன்குடிப் பக்கம். அங்கே கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா 1840-களிலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த வழியில் வந்த கை என்று அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வீட்டில் இந்த ஜன்னல் கதையைச் சொன்னபோது என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "இதுல என்னங்க சர்ச்சு ஜன்னலு, நாலு இதழ் கோலம்லா!" உண்மைதான். நாலைந்து கட்டங்கள் சேர்ந்ததும் வட்டத்துக்குள் வட்டம் கோத்த கோலம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பேர் க்வில்ட், அதாவது பஞ்சு வைத்து அடுக்கித் தைத்த விரிப்பு, என்றாலும் இதில் உள்ளே பஞ்சு வைப்பதில்லை. மூன்று அடுக்கைச் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவதும் இல்லை. சதுரத் துணியின் நாலு முனையையும் நடுவுக்கு மடித்து, வந்த சதுரத்தை மறுபடி அதேபோல் மடித்தால் ஒரு கட்டம். சின்னப் பிள்ளைகள் காகிதத்தில் மடித்து நாலு விரலை உள்ளே விட்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார்களே, அந்த மடிப்புக்கு உறவுக்காரன் இது. அக்கா ஒரு ஏ4 தாளைச் சதுரமாகக் கிழித்துச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷத்தில் காட்டிவிட்டார். இரண்டு கட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் நடுவில் ஒரு சாய்சதுர இடம் விழும். அதில் கலர்த் துணியை வைத்து, சுற்றியிருக்கும் மடிப்பு ஓரத்தைத் துணிமேல் புரட்டி எம்மிங் போட்டால் ஒரு ஜன்னல்.

எனக்குப் பிடித்தது இதில் ஒன்றுதான். ஒரு நேரத்துக்கு ஒரு கட்டம் கையில் இருந்தால் போதும். உள்ளங்கை அளவு. ரயிலுக்கு ஏற்றது.

முதல் திண்டுக்குக் கடையில் காடாத்துணி வாங்கினேன், வெளுக்காத பருத்தி, சந்தனச் சாயல் வெள்ளை. அலசவில்லை. கஞ்சி மொடமொடப்போடு இருந்ததால் மடிப்பு கத்தி மாதிரி நின்றது, அந்த ஆசையில் அப்படியே வெட்டிவிட்டேன். 9 அங்குலச் சதுரம் 16. ஜன்னலுக்கு பீரோவில் கிடந்த ஜாக்கெட் பிட்டுகள். தாம்பூலத்தோடு வைத்துக்கொடுத்ததும் வாங்கியதுமாக எந்த வீட்டிலும் முப்பது நாற்பது சேர்ந்து கிடக்கும். எது பருத்தி, எது பாலியஸ்டர் என்றெல்லாம் பார்க்கவில்லை. கலர் நன்றாக இருந்தால் வெட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துத் திண்டு உறை முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. முதல் தடவை துவைத்துக் கொடியில் போட்டேன். காடாத்துணி சுருங்கிவிட்டது, பாலியஸ்டர் பிட்டு சுருங்கவில்லை. 24 ஜன்னலில் பாதிக்கு மேல் பொரித்த அப்பளம் போல உப்பி நின்றன. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியைத் தினம் இரண்டு தடவை தாண்டிப் போகிறவனுக்கு வேறு உவமை வராது. ஒரு சிவப்புப் பிட்டு சாயம் விட்டுச் சுற்றிலும் ரோஸ் கலர். அது போதாதென்று நாலு முனையும் நடுவில் சேரும் இடத்தில் பதினோரு கட்டத்தில் முடிச்சு விட்டுப்போய் முனைகள் எழுந்து நின்றன. அந்த உறை இப்போது டூவீலர் துடைக்க உதவுகிறது.

இரண்டாம் தடவை முதலில் தண்ணீர், அப்புறம்தான் கத்தரி என்று வைத்துக்கொண்டேன். 36 அங்குல அகலக் காடாத்துணி 3 மீட்டர், மீட்டர் 60 ரூபாய். ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டேன். டேப் வைத்தால் அகலம் 34½ அங்குலம். நீளம் 118-இலிருந்து 112-க்கு வந்திருந்தது. முதல் திண்டு ஏன் அப்படி ஆனது என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிட்டன.

அகலம் குறைந்ததில் 9 அங்குலக் கணக்கு அடிபட்டுப்போனது. வரிசைக்கு நாலு சதுரம் வேண்டுமானால் 36 அங்குலம் வேண்டும், இருப்பது 34½. இரண்டு பக்கமும் கரையைக் கிழித்து எறிந்தால் 34. சரி, நாலால் வகுத்தால் 8½. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போனால் 8, இரண்டு மடிப்புக்குப் பிறகு அதில் சரிபாதி, 4 அங்குலம். இவ்வளவு முழு எண்ணாக வரும் என்று நினைக்கவே இல்லை. துணியே அளவு சொல்லிவிட்டது. 48 கட்டம் எடுத்தால் 8-க்கு 6, அதாவது 32-க்கு 24. துணி நீளத்தில் 13 வரிசை வந்ததால் 52 சதுரம் கிடைத்தது. நாலு உபரி. அந்த நாலு என்னைக் காப்பாற்றியதைப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு அட்டை வைத்துப் பார்த்தேன். பத்துத் தடவை கோடு போட்டதும் ஓரம் நைந்து அளவு மாறுகிறது. அத்தையின் முழங்கால் எக்ஸ்ரே ஒன்று பரணில் கிடந்தது. 10-க்கு 12 அங்குலத் தாள். அதில் 8½ அங்குலச் சதுரம் ஒன்றும், ஜன்னலுக்கு 2½ அங்குலச் சதுரம் ஒன்றும் வெட்டினேன். ஓரம் நையாது, கிழியாது. அதைவிட முக்கியம், வெளிச்சம் ஊடுருவும். ஜாக்கெட் பிட்டின் மேல் வைத்து நகர்த்தினால் எந்தப் பூ நடுவில் வரும் என்று தெரிந்துவிடும். அத்தையிடம் சொல்லவில்லை. மூட்டு வலிக்கு அவர்கள் இப்போது போகும் டாக்டர் புது எக்ஸ்ரே எடுத்துவிட்டார்.

கோடு போடத் தையல் சாக்குக்கட்டி, வெட்ட அப்பாவின் பெரிய கத்தரி. கோட்டின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று ஒரு முடிவு வேண்டும். எனக்கு அது இல்லாததால் முதல் எட்டுச் சதுரம் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடக்குறைய வந்தது. மடித்தபோது அந்த ஒரு நூல் முனையில் போய் நின்று, நாலு முனையும் நடுவில் சந்திக்காமல் இடைவெளி விட்டது. அந்த எட்டையும் எக்ஸ்ரே வைத்துத் திரும்பச் சீவினேன்.

ஜன்னல் பிட்டு விஷயத்தில் இந்தத் தடவை கண்டிப்பாக இருந்தேன். ஒவ்வொரு பிட்டின் ஓரத்திலும் இரண்டு இழை உருவி நெருப்பில் காட்டுவது. சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருண்டு கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர், போய்வா. டூ பை டூ பிட்டுகள் பெரும்பாலும் தேறின. அடுத்தது சாயம். கல்லுப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், போட்டேன், எனக்கு நிற்கவில்லை. ஈரமாக வெள்ளை வேட்டித் துண்டில் வைத்து அழுத்தி, கறை பட்டால் தூக்கி எறிவது ஒன்றுதான் வேலைக்கு ஆனது. சிவப்பில் இரண்டும் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றும் போயின. மயில்கழுத்துக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

இனி கட்டம். சதுரத்தை இரண்டாக மடித்து, இரண்டு குட்டை ஓரங்களையும் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். ஒரு பை மாதிரி ஆகும். பையின் வாயை விரித்து, தைத்த இரண்டு தையலும் ஒன்றின் மேல் ஒன்று வருகிற மாதிரிப் பிடித்து, வாயை நீளமாகத் தைத்து மூட வேண்டும், ஒன்றரை அங்குலம் மட்டும் திறப்பு விட்டு. அதன் வழியாகப் புரட்டி வெளியே எடுத்தால், ஒரு பக்கம் முழு வெள்ளை, மறுபக்கம் முனைக்கு முனை பெருக்கல் குறி போலத் தையல். முதல் மடிப்பு இதிலேயே முடிந்துவிடுகிறது, பிசிறும் உள்ளே போய்விடுகிறது. அப்புறம் பெருக்கல் குறி உள்ள பக்கமாக நாலு முனையையும் நடுவுக்கு மடித்தால் 4 அங்குலக் கட்டம்.

ஒரு கட்டத்துக்குச் சுமார் 15 அங்குலம் ஓட்டுத்தையல். நான் நாலைந்து தையலுக்கு ஒரு பின்தையல் போட்டுக்கொண்டேன். திறப்பை நடுவில் விடக் கூடாது. நடுவில் தையல் தடிமனாகச் சேர்வதால் புரட்டும்போது விட்டுப்போகிறது. கொஞ்சம் ஒரு பக்கமாக விட வேண்டும். முனைகளைக் குத்தி எடுக்கப் பென்சில் போட்டு ஒன்றைக் கிழித்தேன். ஐஸ் குச்சி உத்தமம். இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. முதல் பத்துக் கட்டத்துக்கு அந்த ஒன்றரை அங்குலத் திறப்பையும் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டு அழகாக மூடிக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, "இத மூடி என்ன செய்யப் போறீய? மடிச்சா உள்ளதான போகுது?" என்றார். திறப்பு மடிப்புக்குள் தானாக மறைந்துவிடுகிறது. பத்துக் கட்டத்துக்கும் ஐந்தைந்து நிமிஷம் தண்டம்.

நடுமுடிச்சுதான் திண்டில் என்னைக் கைவிட்டது. அப்போது மேலே தெரிகிற நாலு முனையை மட்டும் பிடித்துக் கட்டியிருந்தேன். இப்போது ஊசியைப் பின்பக்கம் வரை விட்டு எல்லா அடுக்கையும் சேர்த்து, முனைக்கு முனை எதிரெதிராக இரண்டு சுற்று, பின்பக்கம் ஒரு முடிச்சு. பின்னால் ஒரு சின்னப் புள்ளி தெரியும். தெரியட்டும்.

நூலுக்கு மெழுகு போட்டால் சிக்காது என்று கேள்விப்பட்டு மெழுகுவத்தியில் இழுத்தேன். இஸ்திரி போட்டதும் தையல் ஓரமெல்லாம் எண்ணெய்க் கோடு விழுந்தது. தேன்மெழுகு வாங்க நினைத்தேன், ஆனால் அப்பா சொல்லும் பழைய வழியே போதுமாக இருந்தது: நூல் ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது. அடிக்கடி கோக்க வேண்டியிருக்கும், அது ஒரு தொல்லைதான். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனில் நிற்கும்போதும் கோத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். அம்பையில் கோத்தது கல்லிடை வரை வரும். ஆற்றுப் பாலத்தில் மட்டும் கை நின்றுவிடும், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் எப்படி? கல்லிடையில் கோத்தால் வீரவநல்லூர், அப்புறம் காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை.

முதல் வாரம் பெட்டியில் கொஞ்சம் வேடிக்கைதான். எங்கள் பக்கத்தில் நாலு பேர் சீட்டாடுவார்கள், ஒருவர் பேப்பர் படிப்பார், நான் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தேன். "என்ன அண்ணாச்சி, சமோசாவா மடிக்கீய?" என்று ஆரம்பித்தார் ஒரு தம்பி. பத்து நாள் கழித்து அதே தம்பி கழன்ற சட்டைப் பட்டனோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு கேலி நின்றது, பட்டன் வேலை கூடியது.

சாமான் எல்லாம் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் அடங்கும். ஒன்பதாம் நம்பர் ஊசி நாலு, சந்தன நிற நூல்கண்டு ஒன்று, நகவெட்டி, அப்பாவின் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை), ஐஸ் குச்சி, ஒரு காந்தத் துண்டு. காந்தம் பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. டப்பா மூடியின் அடியில் ஒட்டிவைத்தால் ஊசி மூடிமேல் நிற்கும். ரயிலில் ஊசி கீழே விழுந்தால் யார் காலில் குத்தும் என்று சொல்ல முடியாது. அங்குஸ்தான் இல்லாமல் இரண்டு நாள் தைத்துப் பார்த்தேன். நடுவிரல் நுனியில் சல்லடை போல ஓட்டை. அம்மாதான் டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். "ஏல, உங்க அப்பா இதில்லாம ஊசியத் தொட மாட்டாஹ" என்றாள். நடுவிரலுக்குக் கொஞ்சம் லூசு. உள்ளே ஒரு சுற்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

எல்லா வேலையும் ரயிலுக்கு ஆகாது என்பது இரண்டாம் மாதம்தான் உறைத்தது. வெட்டுவது, இஸ்திரி, மடித்து நடுமுடிச்சு போடுவது மூன்றும் வீடு. மடிப்புக்குச் சமதளம் வேண்டும். ஆடுகிற மடியில் மடித்தால் ஒரு முனை எப்போதும் அரைக்கால் அங்குலம் விலகும். பை தைப்பது, கட்டம் இணைப்பது, ஜன்னல் எம்மிங் மூன்றும் ரயில். அதிலும் காலை வண்டி கலர் ஜன்னலுக்கு, சாயங்கால வண்டி பை தையலுக்கு. சாயங்காலம் அந்த விளக்கில் சந்தன நூல் சந்தனத் துணியில் போகிற இடமே தெரியாது. கண்ணாடியை ஒண்ணே முக்காலிலிருந்து இரண்டுக்கு மாற்றியும் பிரயோஜனமில்லை. ஓட்டுத்தையலைக் கை தடவியே போட்டுவிடலாம்.

கட்டங்களை இணைக்கும்போது முதலில் மடிப்புப் பக்கங்களை முகத்துக்கு முகம் வைத்து விளிம்பில் சுற்றிச் சுற்றித் தைத்தேன். விரித்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க எறும்பு வரிசை மாதிரித் தையல். பிரித்துவிட்டுத் திருப்பிப் பிடித்தேன், முதுகுக்கு முதுகு, மடிப்பு முகம் வெளியே. இப்போது தையல் முன்பக்கம் விழுகிறது, அதன் மேல் ஜன்னல் துணி வந்து உட்கார்ந்து மறைத்துவிடும். விளிம்பில் இரண்டு மூன்று இழை மட்டும் பிடித்தால் போதும். ஆழமாகப் பிடித்தால் விரித்ததும் நடுவில் வரப்பு நிற்கும்.

ஜன்னல்தான் சுகமான இடம். 4 அங்குலக் கட்டத்தில் ஜன்னல் பக்கத்துக்கு 2.8 அங்குலம் இருக்கும். துணியை 2½ அங்குலம் வெட்டிக்கொண்டால் நாலு பக்கமும் ஒரு நூல் இடைவெளி விட்டு உட்காரும். திண்டில் 3 அங்குல இடத்துக்கு 3 அங்குலத் துணியையே வைத்து, நடுவில் மேடு தட்டியது. துணியை வைத்து ஒரு குண்டூசி. மடிப்பு ஓரத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து உள்நோக்கி உருட்டினால் அது தானாக வில் போல வளைந்து கொடுக்கும். அந்த ஓரம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக அமைவதால்தான் அப்படி. நேர் இழையில் இருந்தால் இரும்பு மாதிரி நிற்கும். கழுத்துக்குப் பைப்பிங் வைத்தவர்களுக்கு இது கைக்கே தெரியும். நடுவில் கால் அங்குலம் புரண்டு, முனைக்குப் போகப் போகக் குறைந்து, முனையில் ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். முனைக்குக் கால் அங்குலம் முன்பாகவே இரண்டு பக்க ஓரங்களையும் சேர்த்து இரண்டு தையல் போட்டுப் பூட்டிவிட வேண்டும், அதுதான் இதழின் கூர். அதை விட்டுவிட்டு நேராக முனை வரை எம்மிங் போட்டால் அங்கே துணியின் பிசிறு எட்டிப்பார்க்கும். என் முதல் ஆறு ஜன்னலில் பார்க்கிறது. கட்டைவிரல் உருட்டி வைத்த இடத்தில் ஊசி முனை மட்டும் ஏறி, அடுத்த தையலுக்கு அரிசி அளவு தள்ளி இறங்கும். ஒரு ஜன்னலுக்கு 25 நிமிஷம். கை பழகிய பிறகும் அதற்குக் கீழே வரவில்லை.

ஏப்ரல் வாக்கில் 16 கட்டம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். தப்பு. அந்த வெயிலில் நாலு அடுக்குத் துணியை மடியில் போட்டு உட்கார்ந்தால் வேட்டி நனைகிறது, பக்கத்து ஆள் மேல் நுனி விழுகிறது, ஒரு நாள் டீ சிந்தப் பார்த்தது. நடுவில் பிரித்து, இரண்டுக்கு இரண்டாக நாலு கட்டத் துண்டுகள் ஆக்கினேன். ஒவ்வொன்றிலும் நாலு ஜன்னல். 8 அங்குலச் சதுரம், டப்பாவுக்குள் நாலாக மடித்து வைக்கலாம். 12 துண்டு, 48 ஜன்னல் ரயிலில். பிறகு துண்டுகளை வீட்டில் இணைத்தால் இணைப்புக் கோடுகளில் மீதி 34 ஜன்னல் விழும். முதலிலேயே இப்படித் திட்டமிட்டிருந்தால் பிரித்துத் தைத்த ஒன்றரை வாரம் மிச்சம். ஒரே குறை, ரயிலில் டப்பாவில் கைக்கு வந்த கலரை வைத்ததால், இணைத்த பிறகு ஒரு மூலையில் மூன்று பச்சை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டது. வயல் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

அல்வா கதை. ஒரு சனிக்கிழமை டவுனில் அரைக் கிலோ அல்வா வாங்கிப் பையில் வைத்தேன், அதே பையில் டப்பாவுக்கு வெளியே, பாலித்தீன் கவரில் ஆறு கட்டங்கள். சூட்டு அல்வா. அம்பை வருவதற்குள் நெய் பொட்டலத்தை நனைத்து, கவர் வாய் வழியாகக் கட்டங்களுக்குள் இறங்கிவிட்டது. அம்மா சீயக்காய் போடச் சொன்னாள், இரண்டுக்குப் போட்டேன். எண்ணெய் போனது, துணி பழுப்பாகிவிட்டது. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது எளிய வழி. மீதி நாலுக்கு முகப்பவுடரைக் கொட்டி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரை ஊற்றிக் கசக்கினால் சுத்தமாகப் போய்விட்டது. சீயக்காய் பட்ட இரண்டுக்குப் பதில் உபரி நாலில் இரண்டு போனது. பென்சில் குத்திய ஒன்றுக்கு இன்னொன்று. மிச்சம் ஒன்று டப்பாவில் இருக்கிறது.

ஓரத்தில் 28 அரை ஜன்னல் நிற்கும். அவற்றில் கலர் வைக்கவில்லை. மடிப்பை அப்படியே புரட்டி வெள்ளையின் மேலேயே எம்மிங் போட்டேன். விரிப்புக்கு வெள்ளைக் கரை கட்டினது மாதிரி அதுவே ஆகிவிட்டது. கடைசி ஆறு ஜன்னலை வேண்டுமென்றே ரயிலுக்கு வைத்துக்கொண்டேன். விரிப்பை ஒரு தலையணை உறைக்குள் சுருட்டி, வேலை நடக்கும் மூலையை மட்டும் வெளியே விட்டுத் தைத்தால் மடி சுடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துவைத்தேன். கொடியில் போட்டுவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். உப்பவில்லை, சாயம் விடவில்லை, ஒரு முடிச்சும் எழவில்லை. உலர்ந்த பிறகு டேப் வைத்ததில் நீளத்தில் கால் அங்குலம் குறைந்திருந்தது. பத்தமடைப் பாய் மேல் விரித்துப் பேத்தியைப் போட்டதும், குப்புறப் புரண்டு ஒரு இதழ் ஓரத்தை நகத்தால் நோண்ட ஆரம்பித்தாள். எம்மிங் தாங்கியது.

செலவு: துணி 180, நூல்கண்டு ஐந்து 75, ஊசிப் பாக்கெட் இரண்டு 20, சாக்கு 10. ஆக 285 ரூபாய். பிட்டு, எக்ஸ்ரே, காந்தம் வீட்டுச் சரக்கு. கண்ணாடி மாற்றியதை இதில் சேர்க்கவில்லை. நேரம் கட்டத்துக்கு அரை மணி, இணைப்புக்குக் கால் மணி, ஜன்னலுக்கு 25 நிமிஷம் என்று போட்டால் கிட்டத்தட்ட 80 மணி நேரம் வருகிறது, பிரித்துத் தைத்தது தனி.

அடுத்தது மனைவி கேட்கும் சோபாத் திண்டு இரண்டு. காடாத்துணியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அலசப் போகிறேன், அந்தக் கால் அங்குலமும் போகட்டும். சதுரம் 10½ அங்குலம் எடுத்தால் கட்டம் 5 அங்குலம், ஜன்னலுக்கு 3¼ அங்குலத் துணி. இத்தனை சின்னதாக 82 ஜன்னலுக்கு என் கண் இனித் தாங்காது. கலரை முதலிலேயே தரையில் பரப்பிப் பார்த்து, துண்டுக்குத் துண்டு கவரில் போட்டு நம்பர் எழுதிவிடுவேன். அல்வா தனிப் பையில்.

ஆனால் 10-க்கு 12 எக்ஸ்ரேயில் 10½ அங்குலச் சதுரம் வராது. இதைப் பெட்டியில் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பட்டன் தம்பி, "எங்க அப்பாவுக்கு நெஞ்சுல எடுத்தது பெருசா ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி, திங்கக்கிழம கொண்டாரேன்" என்று சொல்லியிருக்கிறார்.